உஷார்! ‘ஃபிக்ஸ்’ காட்டுகிறது என்பதற்காகக் கல் நட்டுவிடாதீர்கள்

சர்வே எடுப்பவர்களே, லேஅவுட் போடுபவர்களே, டிரோன் பறக்கவிடுபவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். கன்ட்ரோலர் திரையில் ‘புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, ஏற்றவா?’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தால், சைட்டில் நின்றுகொண்டே ‘சரி’ என்று தட்டிவிடாதீர்கள். ஏற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரிசீவர் மறுபடி எழுந்து சாட்டிலைட்டுகளைப் பிடிக்கும், பச்சை விளக்கு எரியும், ‘ஃபிக்ஸ்’ என்று காட்டும், பிழை 1 செ.மீ. என்றும் போடும். நீங்களும் நிம்மதியாகப் புள்ளி எடுக்க ஆரம்பிப்பீர்கள். அந்தப் புள்ளிகள் அத்தனையும் ஒரு மீட்டர் தள்ளி விழுந்துகொண்டிருக்கலாம். திரையில் அதற்கு ஓர் அறிகுறிகூட இருக்காது.

அப்டேட் என்றாலே பலருக்கும் ஒரே பயம்தான்: பாதியில் சார்ஜ் இறங்கி, கருவி செத்துப்போய்விடுமோ? அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் செத்த கருவி யாரையும் ஏமாற்றாது. வேலை நிற்கும், சர்வீஸுக்கு அனுப்புவீர்கள், இரண்டு நாள் கூலி போகும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது நன்றாக வேலை செய்துகொண்டே தப்பான எண்ணைச் சொல்லும் கருவிக்கு. அப்டேட் முடிந்ததும் நீங்கள் முன்பு செய்து வைத்த அமைப்புகள் சத்தமில்லாமல் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும்போது நேர்வது இதுதான்.

ஒரு மீட்டர்தானே என்று நினைப்பவர்கள் ஒரு கிரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 60-க்கு 40 அடி, 2,400 சதுர அடி. 60 அடி நீளமுள்ள பக்கத்து எல்லைக்கல் வரிசை ஒரு மீட்டர் நகர்ந்தால் போவது கிட்டத்தட்ட 197 சதுர அடி. பக்கத்து மனைக்காரர் சும்மா இருப்பாரா?

தவறு எங்கே நுழைகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நம்மூரில் எல்லோரும் பொதுவாக ‘டிஜிபிஎஸ்’ என்று சொல்லும் ஆர்டிகே கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் இரண்டு ரிசீவர்கள்: ஓரிடத்தில் நிலையாக நிற்பது பேஸ், புள்ளி எடுக்கக் கையில் கொண்டுபோவது ரோவர். ரோவர் தன் இடத்தைத் தானாக அறிவதில்லை. பேஸ், ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்புகிறது. திருத்தச் செய்திகளுக்கான ஆர்டிசிஎம் மொழியில் அதற்கு எண் 1005 (ஆன்டெனா உயரத்தையும் சேர்த்து அனுப்பினால் 1006). ரோவர் அதை அப்படியே நம்பி, அங்கிருந்து தான் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்பதை மட்டும் சென்டிமீட்டர் சுத்தமாகக் கண்டுபிடிக்கிறது. அப்படிக் கண்டுபிடித்துவிட்டது என்பதற்குத்தான் ‘ஃபிக்ஸ்’ என்று பெயர். திரையில் காட்டும் 1 செ.மீ. இந்தத் தூரத்துக்கு மட்டுமே பொருந்தும். பேஸ் தன் முகவரியையே தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பை ரோவர் ஒவ்வொரு புள்ளியிலும் சென்டிமீட்டர் சுத்தமாக எழுதி வைக்கும்.

பேஸின் முகவரியை இரண்டு வழியில் கொடுக்கலாம். தெரிந்த கண்ட்ரோல் பாயிண்ட்டின் ஆயத்தொலைகளை நாமே அடித்துக் கொடுப்பது ஒன்று. ‘சர்வே-இன்’ என்று விட்டுவிட்டு, கருவியே கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துச் சராசரி எடுத்துக்கொள்ளட்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது சுலபமானது, வில்லங்கமும் அதில்தான். ஐந்து பத்து நிமிடச் சராசரி உண்மையான இடத்திலிருந்து ஒரு மீட்டரோ அதற்கு மேலோ விலகியிருப்பது சாதாரணம். அதோடு, ஒவ்வொரு முறை பவர் போட்டு எழுப்பும்போதும் சர்வே-இன் புதிதாக ஆரம்பிக்கும். திங்கட்கிழமை பேஸ் சொன்ன முகவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை சொல்வது வேறொன்று. அப்டேட்டுக்குப் பிறகு பேஸ் நிலையான ஆயத்தொலையிலிருந்து சர்வே-இன்னுக்குத் தாவியிருந்தால், நேற்று நட்ட கல்லும் இன்று நடும் கல்லும் ஒரே சைட்டில் இரண்டு வேறு உலகங்களைச் சேர்ந்தவை. இரண்டு நாளும் ‘ஃபிக்ஸ்’தான்.

இதற்கு நேர் எதிரான வில்லங்கமும் உண்டு. போன சைட்டின் ஆயத்தொலை அழியாமல் பேஸின் நினைவில் உட்கார்ந்திருக்கும். வேறு ஊருக்குப் போயிருந்தால் கணக்கே ஒத்துவராமல் கருவி முரண்டு பிடிக்கும், மாட்டிக்கொள்வீர்கள். அதே சைட்டில் முக்காலியை நாலு மீட்டர் நகர்த்தி வைத்திருந்தால் எந்தக் கருவியும் வாய் திறக்காது.

அமைப்புகள் ஏன் காணாமல் போகின்றன? யூ-பிளாக்ஸ் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் செட்-எஃப்9பி சிப்பை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த ஆர்டிகே கருவிகள், டிரோன்கள், டிராக்டர் ஸ்டியரிங் கருவிகள் எனப் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது இது. இதில் அமைப்புகள் மூன்று அடுக்காகச் சேமிக்கப்படுகின்றன: பவர் போனால் மறைந்துவிடும் ராம், சிறு பேட்டரி தாங்கிப் பிடிக்கும் நினைவு, நிலையான ஃபிளாஷ். ராமில் மட்டும் எழுதினால் அன்று முழுக்க அருமையாக ஓடும், மறுநாள் காலை எல்லாம் பழையபடி. இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: கருவி எழும்போது முதலில் ஃபிளாஷைப் படிக்கிறது, அதன் மேல் பேட்டரி நினைவில் இருப்பதை ஏற்றுகிறது. இரண்டிலும் வேறு வேறு மதிப்பு இருந்தால் பேட்டரி நினைவில் இருப்பதே ஜெயிக்கும். ஆக, புதிய ஆயத்தொலையை நீங்கள் ஃபிளாஷில் கவனமாக எழுதியிருப்பீர்கள். ஆறு மாதத்துக்கு முன் யாரோ பேட்டரி நினைவில் எழுதி வைத்த பழைய ஆயத்தொலை அதை மூடி மறைத்துவிடும். பேட்டரி என்றைக்கு இறங்குகிறதோ அன்றைக்குத் திடீரென்று புதியது வெளியே வரும்! அப்டேட் மென்பொருளில் சிப்பை முழுவதும் அழித்துவிட்டு ஏற்றும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. அதில் டிக் போட்டுவிட்டு எழுதி வைத்ததெல்லாம் எங்கே என்று தேடிப் பயனில்லை.

பெட்டிக்குள் மூடி சீல் வைத்து விற்கும் விலை உயர்ந்த கருவிகளில் இந்த அடுக்குகள் வெளியே தெரியாது. ஆனால் அங்கேயும் அமைப்புகள் எங்கோ எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன.

இன்னும் நுணுக்கமான ஒன்று. செட்-எஃப்9பி போன்ற ரிசீவர் தன் நிலையை என்எம்இஏ என்ற பொது வடிவ வரிகளாக வெளியே அனுப்பும்போது, வழக்கமான நிலையில் அட்சரேகையை நிமிடத்தில், தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரைதான் எழுதுகிறது. ஒரு நிமிட அட்சரேகை சுமார் 1,852 மீட்டர். அதில் லட்சத்தில் ஒரு பங்கு 1.85 செ.மீ. உள்ளே மில்லிமீட்டர் கணக்கில் யோசிக்கும் கருவி, வெளியே ஏறக்குறைய 2 செ.மீ. கட்டங்களில் தாவித் தாவிப் பேசும். உயர்துல்லிய என்எம்இஏ என்ற தேர்வைப் போட்டால் ஏழு இலக்கம் வரும். அப்டேட்டில் அந்தத் தேர்வு கழன்றுவிட்டால் உங்கள் வரைபடத்தில் புள்ளிகள் கொஞ்சம் ‘குதிப்பது’ தெரியும். காரணம் புரியாமல் ஆன்டெனாவை மாற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

உயரத்துக்கு வருவோம். இந்தியாவின் தென்முனைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், பூமியின் ஈர்ப்பு வடிவத்திலேயே மிகப் பெரிய தாழ்வு இருக்கிறது. அங்கே கடல் மட்டத்தைக் குறிக்கும் ஜியாய்டு, கணித வடிவமான எலிப்சாய்டுக்கு 100 மீட்டருக்கும் கீழே போகிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இலங்கையும் உட்கார்ந்திருக்கின்றன. சென்னைக் கடற்கரையில் நின்று கருவியின் மூல உயரத்தைப் பார்த்தால் மைனஸ் எண்பது சொச்சம் மீட்டர் என்று காட்டும். முதல்முறை பார்ப்பவர் கருவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். இதைக் கடல் மட்ட உயரமாக மாற்றத்தான் ஜியாய்டு மாதிரி என்ற கோப்பை மென்பொருளில் இணைக்கிறோம்.

அப்டேட்டில் இந்த இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? மாதிரியே இல்லாமல் போனால் 90 மீட்டர் வித்தியாசம் முகத்தில் அறையும், கண்டுபிடித்துவிடுவீர்கள். ரிசீவர் ஒரு முறை, மென்பொருள் ஒரு முறை என்று இரண்டு தடவை திருத்தினாலும் அப்படியே. ஆபத்து, உங்கள் திட்டத்துக்கென்று வைத்த மாதிரிக்குப் பதில் கருவிக்குள்ளேயே இருக்கும் பழைய, கரடுமுரடான உலக மாதிரி சத்தமில்லாமல் வந்து உட்காரும்போதுதான். வித்தியாசம் சில பத்து சென்டிமீட்டராக இருக்கலாம். 30 செ.மீ. தவறு யார் கண்ணிலும் படாது. ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் போடும் வாய்க்காலில் 30 செ.மீ. என்பது 300 மீட்டர் நீளத்துக்கான வாட்டம். பாதி லெவல் அப்டேட்டுக்கு முன்னும் மீதி பின்னும் எடுத்திருந்தால், சேரும் இடத்தில் தண்ணீர் பின்னோக்கி ஓடலாம். ஆட்டோ லெவல் வைத்து, உயரம் தெரிந்த ஒரு தற்காலிகக் குறியிலிருந்து (டிபிஎம்) எட்டிப் பார்த்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும்.

கம்பு உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2 மீட்டர் கம்பைப் பிடித்துக்கொண்டு, மென்பொருளில் 1.8 என்றிருந்தால் 20 செ.மீ. அவுட். ஆன்டெனா மாடல் பெயர் மாறியிருந்தாலும் உயரம் சில சென்டிமீட்டர் விலகும். பாருங்கள், திருத்துங்கள்.

அடுத்தது தமிழ்நாட்டுக்கென்றே வாய்த்த வில்லங்கம். யூடிஎம் என்ற வரைபடக் கட்ட முறையில் மண்டலம் 43-ஐயும் 44-ஐயும் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாநிலத்தை நட்டநடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. கோவை, ஈரோடு, ஓசூர், திருநெல்வேலி 43-ல். சேலம், கரூர், மதுரை, தூத்துக்குடி, சென்னை 44-ல். திண்டுக்கல்லும் விருதுநகரும் கோட்டுக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் வழியிலேயே மண்டலம் மாறிவிடும். சாலைத் திட்டம் ஒன்றை முழுக்க 44-ல் வைத்து ஓட்ட வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு மென்பொருள் ‘தானியங்கி மண்டலம்’ என்று மாறியிருந்தால், கோட்டைத் தாண்டியதும் கிழக்குத் தூரம் சுமார் 170 கி.மீ.யிலிருந்து 830 கி.மீ.க்கு எகிறும். இது கண்ணில் படும் தவறுதான். ஆனால் மாலையில் ஆபீஸில் உட்கார்ந்து யாரோ ஒருவர் அந்தப் புள்ளிகளை ‘நகர்த்திச் சேர்க்க’ முயல்வார் பாருங்கள், சேதம் அங்கே ஆரம்பமாகும். இரண்டு மண்டலங்களின் வடக்குத் திசை ஒன்றல்ல. நகர்த்தினால் பொருந்தாது, ஆயத்தொலையை முறையாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிலமே நகர்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். இந்தியத் தட்டு வடகிழக்காக ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. போய்க்கொண்டிருக்கிறது. உலக ஆயத்தொலைச் சட்டகத்தில் 2010-ல் கணக்கிட்ட ஆயத்தொலைக்கும் 2025-ல் அதே கல்லில் கணக்கிடுவதற்கும் முக்கால் மீட்டர் வித்தியாசம் வரும். கல்லும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. சொந்த பேஸிலிருந்து இணையவழித் திருத்தத்துக்கோ, ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கோ மாறும்போது, அது எந்தச் சட்டகம், எந்த ஆண்டுக்கான ஆயத்தொலை என்று கேட்காமல் பழைய வரைபடத்தோடு ஒட்டாதீர்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் என்ற நிரந்தர பேஸ் நிலையங்களிலிருந்து திருத்தம் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கூடவே கூடாது. ஜிபிஎஸ்ஸின் பழைய செய்தி அமைப்பு, வாரங்களை 1,024 வரைதான் எண்ணும். அதற்குப் பிறகு மறுபடி பூஜ்யம். 1980 ஜனவரி 6-ல் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். 2019-ல் இதனால் நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா வலையமைப்பு முடங்கியது. அது போதாதென்று, பல கருவிகள் தங்கள் ஃபர்ம்வேர் எழுதப்பட்ட தேதியிலிருந்தே 1,024 வாரங்களை எண்ணுகின்றன. அதாவது உங்கள் கருவியின் பூஜ்ய நாள் காலண்டரில் எழுதப்படாத ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். 2021 அக்டோபரில் ஜிபிஎஸ்டி என்ற லினக்ஸ் மென்பொருளின் சில பதிப்புகளில் ஒரு கணக்குப் பிழையால் தேதி 2002 மார்ச்சுக்குத் தாவும் நிலை வந்தது. சரியான நேரத்தில் திருத்தப் பதிப்பைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். பழைய ஃபர்ம்வேரைக் கட்டிக்கொண்டு அழுவது பாதுகாப்பு ஆகாது. சைட்டில் வைத்துப் போடுவதும், வேலை நடுவில் போடுவதும்தான் தப்பு. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய ‘கிராக்’ ஃபர்ம்வேரைப் போடுவது தப்பிலும் பெரிய தப்பு.

இணையத்தில் நிரந்தரமாக இணைத்து வைத்த பேஸ் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு கடவுச்சொல்லும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கலாம். வெளியிலிருந்து உள்ளே நுழையும் எவரும் பேஸின் முகவரியை மாற்றிவிட்டுப் போகலாம். உங்கள் ரோவர் அதையும் அப்படியே நம்பும்.

சரி, எப்படிச் செய்வது? ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில், முழுச் சார்ஜோடு, கருவியோடு வந்த கேபிளில், ஆபீஸில் வைத்துச் செய்யுங்கள். ஏற்றும் முன் அமைப்புகளைக் கோப்பாகச் சேமியுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். இப்போதுள்ள பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் பதிப்பின் கோப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்போடு வரும் குறிப்பைப் படியுங்கள். இரண்டு பக்கம்தான் இருக்கும், யாரும் படிப்பதில்லை. பேஸ், ரோவர் இரண்டையும் ஒரே நாளில் மேம்படுத்துங்கள். பிறகு பேஸ் என்னென்ன செய்திகளை அனுப்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். குளோனாஸுக்கு உரிய 1230 எண் செய்தி விட்டுப்போயிருந்தால், குளோனாஸ் சாட்டிலைட்டுகள் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஃபிக்ஸுக்கு உதவாமல் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் பவரை முழுவதும் அணைத்து மறுபடி போட்டு, அமைப்புகளைத் திரும்பப் பாருங்கள். அணைத்துப் போடாத சோதனை சோதனையே இல்லை.

கடைசியாக, தெரிந்த கல்லில் வைத்துப் பார்ப்பது. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பேஸை ஒரு கண்ட்ரோல் பாயிண்ட்டில் வைத்து, ரோவரையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு ‘ஒத்துப்போகிறது’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. பேஸ் எந்தப் பொய் சொன்னாலும் அது ஒத்துப்போகும். பேஸோடு சம்பந்தப்படாத வேறு இரண்டு கண்ட்ரோல் பாயிண்ட்டுகளில், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும், கிழக்கு, வடக்கு, உயரம் மூன்றையும் எழுதி ஒப்பிடுங்கள். முடிந்தால் அந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை டோட்டல் ஸ்டேஷனில் அளந்துகொள்ளுங்கள். இது புதிய யோசனை இல்லை. 1802-ல் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்து இந்தியாவின் முக்கோண சர்வேயைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், கணக்குப் போட்டுக்கொண்டே போய்விடவில்லை. 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டைத் தரையிலேயே அளந்து, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். சாட்டிலைட் நம்மை அந்த வேலையிலிருந்து விடுவிக்கவில்லை.

இந்தச் சோதனையைக் காலையில் செய்யுங்கள். காந்த நிலநடுக்கோடு தென்தமிழ்நாட்டை ஒட்டி ஓடுகிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். சூரியன் மறைந்ததும் இந்தப் பகுதி வான்மின்மண்டலத்தில் குமிழ்கள் கிளம்பி, சாட்டிலைட் சிக்னலை நடுங்க வைக்கும். மார்ச் - ஏப்ரலிலும் செப்டம்பர் - அக்டோபரிலும் இது அதிகம், சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். 2024 மே மாதச் சூரியப் புயலில் அமெரிக்க விவசாயிகளின் ஆர்டிகே டிராக்டர்கள் விதைப்பு நேரத்தில் தடுமாறின. நமக்கோ சாதாரண மாலையிலேயே ஃபிக்ஸ் போய், துல்லியம் குறைந்த ஃப்ளோட் வரலாம். இரவு எட்டு மணிக்குச் சோதித்துவிட்டு அப்டேட்டின் மேல் பழி போட்டு, பழைய ஃபர்ம்வேருக்கே திரும்புவது வீண் வேலை.

மனை வாங்கியவர்களுக்கும், அளக்க ஆள் கூப்பிட்டவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல் நடும் முன், ‘தம்பி, பேஸை எந்தப் பாயிண்ட்ல வச்சிருக்கீங்க? வேற எந்தப் பாயிண்ட்ல செக் பண்ணீங்க? எவ்வளவு வித்தியாசம் வந்துச்சு?’ என்று கேளுங்கள். எண்ணோடு பதில் வந்தால் கல்லை நடச் சொல்லுங்கள். ‘ஃபிக்ஸ் காட்டுது சார்’ என்று மட்டும் பதில் வந்தால், அன்றைக்குக் கல் நட விடாதீர்கள்.